போர்க்காலச் சுவரொட்டி: வரைபவர் ஒருவர், அச்சடிப்பவர் யார்?

சேலத்துச் சுவர்களுக்கு ஓய்வே கிடையாது. கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து, கட்சிக் கூட்டம், புதுப்பட ரிலீஸ் என ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சில சுவர்களில் காகிதமே விரல் தடிமனுக்கு ஏறிக் கிடக்கும். அந்த நெரிசலில், எங்கோ நடக்கும் ஒரு போரைப் பற்றிய சுவரொட்டி இடம் பிடிப்பது அபூர்வம். போனுக்குள் கதையே வேறு. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்த சில நாட்களிலேயே நீலமும் மஞ்சளுமாகச் சுவரொட்டிகள் பல நாடுகளிலிருந்து வந்து குவிந்தன. 2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவுக்காக வரைந்தவை வந்தன, இன்னும் வருகின்றன. இங்கே டிசைன் படிக்கும் பிள்ளைகளும், ஃபிளெக்ஸ் கடையில் கோரல்டிரா முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பிகளும் அவற்றைப் பகிர்கிறார்கள். சிலர் தாங்களே வரைகிறார்கள். "இதையெல்லாம் போட்டா அங்க குண்டு விழறது நின்னுடுமா?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

நிற்காது. அப்படி நிறுத்திய சுவரொட்டி எதுவும் எனக்குத் தெரியாது. அப்புறம் எதற்காகப் போர் வரும்போதெல்லாம் ஓவியர்கள் இதையே கையில் எடுக்கிறார்கள் என்பதற்குப் பதில், படங்களுக்குள் இருப்பதைவிட அவை அச்சான விதத்திலும் ஊர் ஊராகப் போன விதத்திலும்தான் அதிகம் இருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. போர் நமக்கு வெகு தூரம் என்று நினைப்பவர்கள் நம் ஊர் ஜவ்வரிசி ஆலைகளைப் பார்த்தால் போதும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலேயாவையும் சிங்கப்பூரையும் பிடித்ததும் அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றது. 1943 வாக்கில் சேலத்து மாணிக்கம் செட்டியார், போபட்லால் ஷாவோடு சேர்ந்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து இங்கேயே அதைத் தயாரிக்கத் தொடங்கினார். சேலத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஒரு தொழில் போரினால் பிறந்தது. அதே போரில், 1942ல், பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் உயிர் தப்பி ஓடிவந்தார்கள். காட்டு வழியாக நடந்து வந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். 1945ல், ஏற்காடு சாலையில் இருந்த டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 'பர்மா ராணி' என்ற படத்தை வெளியிட்டது. ஜப்பானியர் பிடியில் இருந்த பர்மாதான் கதைக்களம். பிரிட்டிஷ் அரசின் போர் முயற்சிக்கு ஆதரவாக அந்தக் காலத்தில் எடுத்த படங்களில் அதுவும் ஒன்று. ஆக, போர்ப் பிரசாரத்தை உற்பத்தி செய்த அனுபவமும் நம் ஊருக்கு உண்டு.

பிரசாரமும் தோழமையும் ஒன்றல்ல. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். அரசாங்கம் ஒட்டும் போர்ச் சுவரொட்டி பார்ப்பவரிடம் எதையாவது கேட்டு வாங்கும்: படையில் சேர், கடன் பத்திரம் வாங்கு, வாயை மூடிக்கொள். 1914ல் பிரிட்டனின் போர் அமைச்சர் கிச்சனரை வைத்து ஆல்ஃபிரெட் லீட் வரைந்த படம் இதற்குத் தாய். மீசைக்காரர் விரலை நம் முகத்துக்கு நேரே நீட்டுவார். 1917ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் மான்ட்கோமரி ஃபிளாக் அதே விரலை, அந்த நாட்டின் உருவகமான அங்கிள் சாம் தாத்தாவுக்குக் கொடுத்தார். அப்படிப்பட்ட சுவரொட்டிக்குப் பின்னால் அரசு அச்சகம் இருக்கிறது, காகிதம் இருக்கிறது, ஒட்டுவதற்குச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. தோழமைக்காக வரைபவரிடம் இவற்றில் ஒன்றும் இருக்காது. அவர் படம் இரண்டு பேரிடம் ஒரே நேரத்தில் பேச வேண்டும். அடிபடுகிறவரிடம் 'உன்னை மறக்கவில்லை' என்று சொல்ல வேண்டும். சம்பந்தமில்லாமல் டீ குடித்துக்கொண்டிருப்பவரை ஒரு நிமிஷம் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். இரண்டையும் செய்ய, யாரோ ஒருவர் தன் மெஷினையும் மையையும் கொடுத்தாக வேண்டும்.

நியூயார்க்கில் நடந்ததைப் பாருங்கள். 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் நூற்றுக்கணக்கான கிராமத்தாரைக் கொன்றார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். ராணுவத்தோடு போயிருந்த ரொனால்ட் ஹேபெர்லே எடுத்த வண்ணப் படங்கள் மறு வருஷக் கடைசியில் வெளியே வந்தன. மண் பாதையில் சடலங்கள் கிடக்கும் ஒரு படத்தை ஆர்ட் வொர்க்கர்ஸ் கோலிஷன் என்ற கலைஞர் குழு எடுத்துக்கொண்டது. தொலைக்காட்சிப் பேட்டியில் ஒரு சிப்பாயிடம் கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும் மட்டுமே அதன் மேல் வாசகம்: "குழந்தைகளையுமா?" "குழந்தைகளையும்." நவீன ஓவிய அருங்காட்சியகம் முதலில் துணை நிற்பதாகச் சொல்லிவிட்டு, மேலிடத்தில் எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. லித்தோ அச்சுத் தொழிலாளர் சங்கமோ பின்வாங்கவில்லை. கூலி வாங்காமல் 50,000 பிரதி அடித்துக் கொடுத்தது. காகிதமும் நன்கொடையாக வந்தது. கலைஞர்கள் அந்தச் சுவரொட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய், அதே அருங்காட்சியகத்தில் அப்போது இருந்த, குண்டுவீச்சில் அழிந்த ஸ்பானிய ஊரைப் பற்றிய பிகாஸோவின் குவெர்னிகா ஓவியத்தின் முன்னால் நின்றார்கள்.

கலை வரலாற்றுப் புத்தகங்களில் அந்தக் கலைஞர்களின் பெயர் இருக்கிறது. மெஷின் ஓட்டியவர்களின் பெயரைத் தேடினால் கிடைப்பது சங்கத்தின் பெயர்தான். செவ்வாய்ப்பேட்டையிலோ அக்ரஹாரத்திலோ அச்சகம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே உறைக்கும்.

1970 மே மாதம், கம்போடியாவுக்குள் அமெரிக்கப் படை போனதை எதிர்த்து பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் அடித்த சுவரொட்டிகளின் பின்பக்கத்தைத் திருப்பினால் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே அச்சான எழுத்துகள் தெரியும். ஓரத்தில் துளை வரிசையோடு வரும் அந்தத் தாளைக் குப்பையிலிருந்து எடுத்து, வெறுமையாக இருந்த மறுபக்கத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தார்கள். நம் அச்சகங்களில் மை சரி பார்க்க ஓட்டிவிட்டு ஓரமாகப் போடும் வேஸ்ட் ஷீட் எவ்வளவு சேர்கிறது என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சும்மா சொல்லி வைக்கிறேன்.

காகிதத் தட்டுப்பாடு ஒரு படத்தின் உருவத்தையே மாற்றியது பாஸ்னியாவின் தலைநகர் சரயேவோவில். 1992 ஏப்ரலில் தொடங்கிய முற்றுகை 1996 பிப்ரவரி வரை நீண்டது. சுற்றியிருந்த மலைகளில் பீரங்கி, கீழே ஊர். அங்கே ட்ரையோ என்ற பெயரில் போயான், டாடா ஹஜிஹலிலோவிச் தம்பதி ஒரு டிசைன் குழு நடத்தி வந்தார்கள். பெரிய சுவரொட்டி அடிக்கக் காகிதம் இல்லை, மின்சாரம் இல்லை. போஸ்ட் கார்டு அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். கொக்கோ கோலா எழுத்தின் வளைவிலேயே 'என்ஜாய் சரயேவோ 1993' என்று எழுதினார்கள். ஃபிளாக்கின் அங்கிள் சாமை எடுத்து, சரயேவோவைக் காப்பாற்ற நீ வேண்டும் என்று சொல்ல வைத்தார்கள். அரசாங்கம் நீட்டிய விரலை முற்றுகைக்குள் இருந்தவர்கள் பிடுங்கி வெளியுலகத்தை நோக்கித் திருப்பிய மாதிரி. போர்ச் சூழலில் அச்சானது, காகிதமும் மையும் மின்சாரமும் தண்ணீரும் இல்லை என்பதையும் கார்டின் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். சின்ன அளவு இன்னொரு விதத்திலும் உதவியது: வந்து போகும் பத்திரிகையாளரின் பையில் ஒரு கட்டு எளிதாக வெளியே போய்விடும்.

உலகத்துக்கே தெரிந்த விளம்பரத்தை ஏன் எடுத்தார்கள்? பாஸ்னிய மொழியில் எழுதினால் பாஸ்னியர்கள் மட்டும்தான் படிப்பார்கள். கோலா எழுத்தை யாரும் படிக்கக்கூட வேண்டாம், பார்த்தாலே தெரியும். நான் பார்த்த போர்க்கால டிசைன்களில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது இல்லை.

கியூபாவின் ஹவானாவில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். 1966 ஜனவரியில் அங்கே நடந்த ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க முக்கண்ட மாநாட்டிலிருந்து பிறந்த ஒஸ்பால் என்ற தோழமை அமைப்பு 'ட்ரைகான்டினென்டல்' என்று ஒரு பத்திரிகை நடத்தியது. வியட்நாம், பாலஸ்தீனம், அங்கோலா, தென்னாப்பிரிக்கா என ஒவ்வொரு நாட்டுப் போராட்டத்துக்கும் ஒரு சுவரொட்டி அடித்து, மடித்து, பத்திரிகைக்குள் வைத்துத் தபாலில் அனுப்பினார்கள். ஸ்பானிஷ், ஆங்கிலம், பிரெஞ்சு, அரபி என்று நான்கு மொழியில் ஒரு வரி இருக்கும். ஆல்ஃபிரெடோ ரோஸ்ட்கார்ட் போன்ற ஓவியர்கள் வரைந்தார்கள். அமெரிக்கத் தடையால் மையும் காகிதமும் தட்டுப்பாடு. அதனால் பல படங்களில் அழுத்தமான நிறம் இரண்டோ மூன்றோதான் இருக்கும். பார்ப்பவர்கள் அதை ஒரு பாணி என்று கொண்டாடுகிறார்கள். பாதி பாணி, பாதி பற்றாக்குறை. அந்த அமைப்பு 2019ல் மூடப்பட்டது. மடிப்புக் கோடு விழுந்த சுவரொட்டிகளை இப்போது சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். வரைந்தவர்கள் நினைத்த இடம் அதுவாக இருக்காது.

நமக்கு இன்னும் பக்கத்தில் 1971. இன்றைய வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானில் படுகொலை நடந்துகொண்டிருந்தபோது, கல்கத்தாவிலிருந்து இயங்கிய முஜிப்நகர் அரசு என்ற தற்காலிக வங்கதேச அரசின் ஓவியப் பிரிவுக்கு காம்ருல் ஹசன் பொறுப்பில் இருந்தார். அவர் வரைந்த பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் முகம் புகழ்பெற்றது: கோரைப் பல், பிதுங்கிய கண், கீழே 'இந்த மிருகங்களைக் கொன்றொழிக்க வேண்டும்' என்ற பொருளில் வாசகம். அதே பிரிவிலிருந்து வந்த இன்னொரு சுவரொட்டியில் முகமே இல்லை. வங்கத்தின் இந்து, வங்கத்தின் கிறிஸ்தவர், வங்கத்தின் பௌத்தர், வங்கத்தின் முஸ்லிம், நாம் எல்லாரும் வங்காளிகள் என்ற வாசகம். வங்கதேசத்தில் இரண்டையும் போற்றுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. முதலாவது ஆத்திரத்தின் படம். அந்த ஆத்திரத்துக்கு அவர்களுக்கு முழு நியாயம் இருந்தது. ஆனால் எதிரியை மிருகமாக வரைவது எல்லா அரசாங்கத்துக்கும் கைவந்த கலை. கொலைக்காரர்கள் மதத்தைப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், பெயர் சொல்லி எல்லாரையும் ஒரே தாளில் நிறுத்தியதற்குத்தான் ஓவியர் வேண்டியிருந்தது.

படம் அப்படியே இருக்க, அதன் அர்த்தம் மட்டும் இடம் மாறுவதும் உண்டு. 'பாலஸ்தீனத்துக்கு வாருங்கள்' என்று அழைக்கும் சுவரொட்டியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மரக்கிளைக்குக் கீழே தூரத்தில் ஜெருசலேமின் தங்கக் குவிமாடம். அதை 1936ல் வரைந்த ஃபிரான்ஸ் கிராஸ், ஐரோப்பாவில் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர். சுற்றுலாவுக்கான விளம்பரம் அது. 1995ல் டேவிட் டார்டகோவர் என்ற இஸ்ரேலிய டிசைனர், சமாதானம் வரும் என்ற நம்பிக்கையில் அதை மறுபடி அச்சிட்டார். அதன்பின் பாலஸ்தீனர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்: பாருங்கள், இந்தப் பெயரில் ஒரு நாடு இருந்தது என்பதற்குச் சாட்சியாக. கோடு ஒன்றுகூட மாறவில்லை. தர்பூசணிக் கதையும் இதே வகை. ஆக்கிரமித்த பகுதிகளில் பாலஸ்தீனக் கொடிக்குத் தடை இருந்த காலத்தில், சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை நான்கையும் தன்னிடம் வைத்திருந்த பழம் கொடிக்குப் பதிலாக வந்து நின்றது. கோடையில் ஐந்து ரோடு பக்கம் தள்ளுவண்டியில் வெட்டி வைத்திருக்கும் அதே பழம்தான். தமிழில் ஒரு எழுத்துகூடச் சேர்க்காமல் ஒட்டலாம்.

உக்ரைன் விஷயத்தில் ஒரு தபால் தலையைச் சொல்லாமல் போக முடியாது. பாம்புத் தீவில் சரணடையச் சொன்ன ரஷ்யப் போர்க்கப்பலுக்கு உக்ரைன் காவலர்கள் கெட்ட வார்த்தையில் பதில் சொன்னது அப்போது உலகச் செய்தி. அந்தக் காட்சியை போரிஸ் குரோ வரைந்தார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2022 ஏப்ரல் 12 அன்று தபால் தலையாக வெளிவந்தது, பத்து லட்சம் பிரதி. இரண்டே நாளில் அந்தக் கப்பல், மாஸ்க்வா, மூழ்கிவிட்டது. தபால் நிலையத்தில் நின்ற வரிசையைக் கேட்கவே வேண்டாம். எண்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், 1937ல், ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது ஹுவான் மீரோ இதையே செய்யப் பார்த்தார். முஷ்டி உயர்த்திய விவசாயியை வரைந்து 'ஸ்பெயினுக்கு உதவுங்கள்' என்று எழுதினார். ஒரு பிராங்க் தபால் தலையாக விற்று நிதி திரட்டுவது திட்டம். தபால் தலை வரவில்லை, அச்சுப் பிரதியாக விற்றார்கள். படத்தில் மட்டும் அந்த '1 பிராங்க்' அப்படியே நின்றுவிட்டது.

இதற்கெல்லாம் எதிர்முனையில் 2024 மே. காஸாவின் ரஃபா நகர் மீதான தாக்குதலை ஒட்டி ஒரே ஒரு படம் இன்ஸ்டாகிராமில் நான்கு கோடி தடவைக்கு மேல் பகிரப்பட்டது. வரிசை வரிசையாகக் கூடாரங்கள், நடுவே ஆங்கிலத்தில் 'எல்லாக் கண்களும் ரஃபா மேல்' என்று எழுத்து. செயற்கை நுண்ணறிவில் செய்த படம். உண்மையான ரஃபா அதில் எங்கேயும் இல்லை; புகை இல்லை, மனிதர் இல்லை. பகிர்ந்தவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பயத்தில் வாய் மூடியிருந்த பலர் முதல்முறையாக எதையோ பகிர்ந்தது அன்றுதான். ஆனால் அந்தப் படத்துக்காக யாரும் ஒரு ரீம் காகிதம் கொடுக்கவில்லை, யார் கையிலும் பசை ஒட்டவில்லை. வந்த வேகத்தில் போயும்விட்டது.

சரி, சேலத்துச் சுவருக்கு வருவோம். தமிழ்நாட்டில் தோழமைச் சுவரொட்டி என்றால் அது ஈழம்தான். 1983 ஜூலைக்குப் பிறகு ஒரு அலை. 2009ல், வன்னியில் போர் முடிவை நோக்கிப் போன மாதங்களில், இன்னொரு அலை. தொலைக்காட்சியில் வராததைச் சுவர் சொன்னது. மே 18க்குப் பிறகு வந்த ஆண்டுகளில் நினைவேந்தல் சுவரொட்டிகள். அவற்றில் பெரும்பாலும் ஒரே முறை: இணையத்தில் கிடைத்த சடலப் படங்கள், அதிலும் குழந்தைகள், சிவப்புப் பின்னணி, கொட்டை எழுத்தில் கேள்வி, கீழே தலைவர்களின் வட்டப் படங்கள். அந்தக் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தப் படங்களின் தேர்வைக் குறை சொல்கிறேன்.

மை லாய் சுவரொட்டியிலும் சடலங்கள்தானே என்று கேட்கலாம். அந்தப் படத்தைப் பார்க்க வேண்டியிருந்தவர்கள் கொன்றவர்களின் நாட்டுக்காரர்கள். அவர்கள் வரிப்பணத்தில் வாங்கிய துப்பாக்கி அது. மறுக்க முடியாத சாட்சியை அவர்கள் முகத்துக்கு நேரே வைப்பதற்குக் காரணம் இருந்தது. சேலத்தில் அந்தச் சுவரைக் கடந்து போகிறவர் யார்? சேலம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021ல்தான் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். பெயின்டிங் வேலைக்கும் கட்டட வேலைக்கும் அங்கிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு, சுவரில் இருக்கும் குழந்தை ஊர் பேர் தெரிந்த குழந்தையாகக்கூட இருக்கலாம். அவரிடம் எதை நிரூபிக்கப் போகிறோம்? யாருக்காக ஒட்டுகிறோமோ அவர் அதைக் கடந்து நடக்க முடியாமல் தலையைக் குனிந்தால், டிசைனில் எங்கோ கோளாறு. சமீப வருஷங்களில் சில இடங்களில் இது மாறியிருக்கிறது. கஞ்சிச் சிரட்டை, விளக்கு, கார்த்திகைப் பூ என்று வருகிறது. போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சிக்கிய மக்கள் குடித்து உயிர் தாங்கிய கஞ்சியின் கதை தெரியாதவர் 'இது என்ன?' என்று கேட்பார். கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

நம் ஊரில் இந்த வேலையைச் செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்கு, தொழில் பக்கத்திலிருந்து சில விஷயம். ஸ்கிரீனில் ஜொலிக்கும் படம் சுவரில் மங்கிப் போகும். மைதாப் பசை தடவினால் மெல்லிய தாளில் பின்னால் இருக்கும் பழைய சுவரொட்டி தெரியும். அதனால் பெரிய நிறப்பரப்பு, இரண்டு நிறம், தடித்த கோடு. ஒரு நிறத்துக்கு ஒரு பிளேட். நான்குக்குப் பதில் இரண்டோடு நிறுத்தினால் பிளேட் செலவு பாதி. புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவில் கவிஞர் மயகோவ்ஸ்கி வேலை செய்த, ரோஸ்டா என்ற அரசுச் செய்தி நிறுவனத்தின் ஜன்னல் சுவரொட்டிகளுக்கு அச்சகமே தேவைப்படவில்லை. அட்டையை வெட்டி அச்சாக வைத்து, கையால் நிறம் தடவினார்கள். ஜவ்வரிசி மூட்டையில் மார்க் அடிப்பது போலத்தான். ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. கல்யாணப் பத்திரிகை சீசன் இல்லாத மாதத்தில் மெஷ்ஷும் ஆளும் சும்மாதான் இருக்கிறார்கள். ஆஃப்செட்டில் போனால் ஆயிரத்துக்குக் குறைந்து அடிப்பது கட்டுப்படியாகாது, ஆகவே ஆயிரத்தையும் ஒட்ட ஆள் இருக்கிறதா என்று முதலில் எண்ணிக்கொள்வது நல்லது.

தமிழ் வாசகத்தைக் கடைசியில் திணிக்காதீர்கள். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லில் முடிவது தமிழில் நீண்ட ஒற்றைச் சொல்லாக வந்து ஓரத்தை இடிக்கும். எழுத்தை முதலில் வைத்துவிட்டு அதைச் சுற்றிப் படத்தை அமைப்பவர்தான் தப்பிப்பார். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன் கையால் போர்டு எழுதிய ஓவியர்களுக்கு இது பழக்கம். அவர்களில் சிலர் இன்னும் குகை, அம்மாபேட்டை பக்கம் இருக்கிறார்கள்; கேட்டால் சொல்லித் தருவார்கள், கொஞ்சம் திட்டிவிட்டு.

கீழே கால் பங்கு இடத்தை வெறுமையாக விடுங்கள். ஆத்தூரில் அடிப்பவர் தன் கூட்டத் தேதியைப் போடட்டும், ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடம் மாணவர் எழுதிய வரியைப் போடட்டும். உங்கள் கையெழுத்தை மூலையில் சின்னதாக வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஃபைலைப் பூட்டாமல், ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரிலும் சிதையாதபடி எழுத்தை வளைகோடாக மாற்றி, எந்த ஊர் அச்சகத்திலும் திறக்கும்படி கொடுங்கள். அச்சகத்தின் பெயரும் ஊரும் ஓரத்தில் இருக்கட்டும். தேர்தல் சுவரொட்டிக்கு அது சட்டம். இதற்கு, பழியில் பங்கு எடுத்துக்கொண்ட அச்சகக்காரருக்குச் செய்யும் மரியாதை.